என் மைல்களில் யாரோ பறந்துவிட்டுப் போனார்கள்

விமான மைல், அதாவது டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய விமான நிறுவனப் புள்ளிகள், சேர்க்கும் ஆட்கள் கூடினால் பேச்சு எப்போதும் எந்தக் கார்டு, எதிலிருந்து எதற்கு மாற்றலாம், எந்த ரூட்டில் பிசினஸ் கிளாஸ் சீட் மைலுக்குத் திறந்திருக்கிறது என்றுதான் போகும். சேர்த்து வைத்ததை எவனாவது திருடிக்கொண்டு போனால் அப்புறம் என்ன நடக்கும், யாரைக் கூப்பிட வேண்டும், என்னவெல்லாம் கேட்பார்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அது நடந்தது. பல மாதம் தனியாக மல்லுக்கட்டி ஒருவழியாக முக்கால்வாசி திரும்பக் கிடைத்தது, மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. இது எந்தத் திட்டத்தில் வேண்டுமானாலும் நடக்கக்கூடியது, ஒரு பெயரைத் திட்டுவதால் படிப்பவருக்கு லாபமும் இல்லை.

இந்தப் பித்து இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் ஆட்வான்டேஜ் என்ற தன் மைல் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில் கணக்கு எளிது, எவ்வளவு தூரம் பறக்கிறோமோ அதற்கேற்ற மைல். இப்போது அப்படியில்லை. டெல்டாவும் யுனைடெட்டும் 2015-ல், அமெரிக்கன் அதற்கடுத்த வருஷம், டிக்கெட்டுக்குக் கொடுத்த காசுக்குத்தான் மைல் என்று மாற்றிவிட்டன, இன்னும் பல நிறுவனங்களும் அந்த வழியில் போய்விட்டன. அதனால் இன்றைக்கு மைல் சேர்ப்பவர்களில் பலர் அதிகம் பறப்பவர்களே இல்லை. கார்டில் செலவழித்து, அதற்கு வங்கி தரும் பாயிண்டை மைலாக மாற்றி, எங்கே போனஸ் என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பவர்கள். டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1999-ல் ஒரு சலுகைக்காக 12,150 கப் புட்டிங் வாங்கி, அந்த லேபிள்களை அனுப்பி, பன்னிரண்டரை லட்சம் மைல் வாங்கினார். எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் குலதெய்வம். நான் அந்த அளவுக்கெல்லாம் போகவில்லை. அப்பாவுக்கு முழங்கால் மடக்கி உட்கார முடியாது, நீண்ட பயணத்தில் அவரையும் அம்மாவையும் படுத்துக்கொண்டு வரும்படி கூட்டிப்போக வேண்டும், காசு கொடுத்து அந்த டிக்கெட் வாங்க எனக்கு வக்கில்லை, அவ்வளவுதான். அதற்காகச் சில வருஷம் சேர்த்து மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்திருந்தது. கேட்ட தேதியில் மூன்று சீட் ஒன்றாகக் கிடைத்தது. இதுவே இந்த விளையாட்டில் அதிசயம். ஒரு சீட் திறப்பார்கள், இரண்டு திறப்பார்கள், மூன்று ஒன்றாகத் திறக்கவே மாட்டார்கள். போனில் பேசி இரண்டு நாளைக்குப் பிடித்து வைக்கச் சொல்லியிருந்தேன், அப்பாவின் பாஸ்போர்ட் விவரம் வர வேண்டியிருந்ததால்.

அந்த இரண்டு நாளுக்குள்தான் எல்லாம். காலையில் போனை எடுத்தால் மெயில் பெட்டியில் நூற்றுக்கணக்கில் வரவேற்பு மெயில்கள். நாய்த் தீனி விற்கும் கடை, யோகா வகுப்பு, எனக்குப் புரியாத மொழியில் ஏதோ ஒரு நூலகம், எல்லோரும் நான் உறுப்பினரானதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் வந்து கொட்டிக்கொண்டிருந்தது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கப்போன நேரத்தில் நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது: என் விமானத் திட்டத்தின் பெயர், கீழே "உங்கள் தொடர்பு விவரங்கள் மாற்றப்பட்டன". வயிற்றில் என்னவோ புரண்டது. இதை இங்கேயே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். மெயில் பெட்டி திடீரென்று இப்படி நிரம்பி வழிந்தால் அது வெறும் குப்பை என்று நினைத்து அழிக்காதீர்கள். ஒரு முக்கியமான மெயிலை நீங்கள் பார்க்காமலிருக்கத்தான் அந்தக் குப்பையைக் கொட்டுகிறார்கள். உடனே உங்கள் வங்கிகள், கார்டுகள், விமானத் திட்டங்கள் இவற்றின் பெயரை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். குப்பைத் தொட்டிக்குள்ளும் தேடுங்கள். மெயிலின் செட்டிங்ஸில் போய் நீங்கள் வைக்காத பில்டர் ஏதாவது இருக்கிறதா, வேறு முகவரிக்கு மெயில் தானாகப் போகிறதா என்றும் பாருங்கள். என் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை, ஆனால் சிலருக்கு விமான நிறுவனத்தின் மெயில் வந்தவுடனே அழியும்படி பில்டர் வைத்துவிடுவார்கள்.

கணக்கைத் திறக்கப் பார்த்தால் பாஸ்வேர்ட் தவறு. மறந்துவிட்டேன் என்று போட்டால் ஓடிபி எனக்குத் தெரியாத ஒரு எண்ணுக்குப் போகிறது, கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டுகிறது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். நெடுநேரம் பாட்டுக் கேட்டபின் எடுத்தவர் மரியாதையாகவே பேசினார். உறுப்பினர் எண், பிறந்த தேதி, எல்லாம் சரி. மின்னஞ்சல் முகவரி சொல்லுங்கள் என்றார், சொன்னேன். "மன்னிக்கவும் சார், பொருந்தவில்லை." போன் நம்பர்? அதுவும் பொருந்தவில்லை. அதைத்தான் திருடன் மாற்றியிருக்கிறான் என்று சொல்ல நான் கூப்பிட்டிருக்கிறேன், அது மாறியிருப்பதால் நான் நானில்லை என்கிறார் அவர். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்து கத்தினேன், அவர் லைனை மேலாளருக்கு மாற்றினார். மேலாளரிடம் எடுபட்டது பழைய விவரங்கள்தான்: போன வருஷம் பறந்த ஒரு டிக்கெட்டின் பிஎன்ஆர், 13 இலக்க டிக்கெட் எண், கடைசியாக வங்கியிலிருந்து எத்தனை பாயிண்ட் மாற்றினேன், எந்தத் தேதியில். திருடன் முகவரியை மாற்றலாம், வரலாற்றை மாற்ற முடியாது. அந்தப் பழைய மெயில்கள் எல்லாம் கையருகே இருந்ததால் தப்பித்தேன். இப்போது நான் மாதம் ஒருமுறை கணக்கின் ஸ்டேட்மென்ட்டை, மைல் எந்த மாதம் எவ்வளவு காலாவதியாகும் என்ற அட்டவணையோடு சேர்த்து, பிடிஎஃப்பாக எடுத்து வேறிடத்தில் வைக்கிறேன். கணக்கு பூட்டப்பட்டுவிட்டால் அதற்குள் இருக்கும் எதையும் நீங்கள் பார்க்க முடியாது, நிரூபிக்க வேண்டிய வேலை மட்டும் உங்கள் தலையில் இருக்கும்.

போனது ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் மைல். இரண்டு டிக்கெட், இரண்டும் நான் கேள்விப்படாத பெயர்களில், இரண்டும் ஒரு வழி, என் திட்டத்தின் மைலை ஏற்கும் கூட்டணியில் உள்ள வேறொரு நிறுவனத்தின் விமானத்தில், ஒன்று அன்றைக்கே சில மணி நேரத்தில் புறப்படுகிறது, இன்னொன்று மறுநாள். இது மைல் திருடர்களின் வழக்கமான பாணி என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மைல்காரர்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்பதுபோல் தினமும் மைல் கணக்கைப் பார்ப்பதில்லை, கிளம்பும் நேரத்துக்குப் பக்கத்தில் போட்டால் சொந்தக்காரன் விழிப்பதற்குள் விமானம் ஏறிவிடலாம், பறந்து முடிந்த டிக்கெட்டை யாரும் ரத்து செய்ய முடியாது. வேறு நிறுவனத்தின் விமானம் என்றால் இந்தப் பக்கம் அவர்களைக் கைகாட்டும், அந்தப் பக்கம் இவர்களைக் கைகாட்டும். மேலாளர் மறுநாள் டிக்கெட்டை ரத்து செய்ய முடிந்தது. முதல் டிக்கெட்டுக்கு "செக்-இன் ஆகிவிட்டது சார்" என்றார். விமானங்கள் எங்கே போகின்றன என்று வரைபடத்தில் காட்டும் பிளைட்ரேடார்24-ல் அந்த விமானத்தின் எண்ணைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஓடுபாதையில் அந்தச் சின்ன மஞ்சள் விமானம் மெதுவாகத் திரும்பி, நின்று, அப்புறம் வேகமெடுத்து மேலே ஏறுவதைப் பார்த்தேன். அப்பாவுக்காகச் சேர்த்ததில் யாரோ காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகிறார். பணம் போனால் வருகிற வருத்தம் வேறு. இது ஏதோ அவமானம் மாதிரி இருந்தது, வீட்டில் சொல்லக்கூட அன்றைக்கு வாய் வரவில்லை.

மேலாளர் கணக்கைப் பூட்டினார், பாதுகாப்புக்காக. நானும் நிம்மதியாகப் போனை வைத்தேன். பூட்டிய கணக்கில் பிடித்து வைத்த புக்கிங்கை டிக்கெட்டாக மாற்ற முடியாது என்பது மறுநாள்தான் தெரிந்தது, அதற்குள் கெடு முடிந்து மூன்று சீட்டும் பொதுவுக்குப் போய்விட்டன. ஆகவே இப்படி ஒரு நிலைமை வந்தால், பூட்டச் சொல்லும் அதே அழைப்பிலேயே உங்கள் சொந்த புக்கிங்குகள் என்னென்ன நிலுவையில் இருக்கின்றன என்று வரிசையாகச் சொல்லி, அவற்றைப் புகாரோடு சேர்த்துக் குறித்து, கெடுவை நீட்டச் சொல்லுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். பேசியவரின் பெயர், நேரம், என்ன ஒப்புக்கொண்டார் என்பதை அப்போதே உங்களுக்கு நீங்களே ஒரு மெயிலாக அனுப்பிக்கொள்ளுங்கள், பின்னால் "அப்படி எந்தப் பதிவும் இல்லையே" என்பார்கள்.

அதற்கப்புறம் விஷயம் மோசடிப் பிரிவுக்குப் போனது. இந்தப் பிரிவுக்குப் போன் கிடையாது, மெயில் மட்டும்தான், பதில் வர வாரக்கணக்கில் ஆகும். முதலில் வந்த கேள்விப் பட்டியலைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கை நடுங்கியது. இந்தப் பயணிகளை உங்களுக்குத் தெரியுமா? இவர்களிடமிருந்து ஏதாவது தொகை பெற்றீர்களா? உங்கள் பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்தீர்களா? திருட்டுக் கொடுத்தவனிடம் விற்றாயா என்று கேட்கிறார்கள். கோபம் ஆறியபின் யோசித்தால் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மைலை விற்பது எல்லாத் திட்டத்திலும் தடை, ஆனாலும் வாங்கி விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள், பாதி விலைக்கு பிசினஸ் கிளாஸ் என்று விளம்பரம் போடுபவர்களில் பலர் அப்படித்தான். விற்றுவிட்டு அப்புறம் திருடு போனது என்று புகார் செய்பவர்களும் உண்டு. என் மைலில் பறந்தவர்கள்கூட ஒருவேளை தரகரிடம் காசு கொடுத்து ஏமாந்த அப்பாவிகளாக இருக்கலாம். மறுநாள் டிக்கெட் ரத்தானவர் விமான நிலையத்துக்கு வந்து கவுன்ட்டரில் நின்றிருப்பார் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். ரொம்ப மலிவாக யாராவது டிக்கெட் கொடுத்தால், அது யாருடைய மைல் என்று கேளுங்கள்.

சந்தேகம் நீங்கள் விற்றீர்கள் என்ற பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கையே மூடிவிடலாம், மீதி மைலும் போகும். வழக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் கின்ஸ்பெர்க் என்ற ஒரு யூத மதகுருவை நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 2008-ல் தன் திட்டத்திலிருந்து நீக்கியது, அதிகமாகப் புகார் செய்கிறார், சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று. அவர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014-ல் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்ற பொதுவான கடமையைக் காட்டி வழக்குப் போட முடியாது, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்த கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுக்கிறது என்பது சாரம். மற்ற நாடுகளில் சட்டம் வேறு, ஆனால் நாம் படிக்காமல் டிக் போடும் விதிகள் எல்லா இடத்திலும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன: மைல் உங்கள் சொத்து அல்ல, அதற்குப் பண மதிப்பு கிடையாது, திட்டத்தை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இதே மைல் திட்டங்களை அடமானம் வைத்து டெல்டா 2020-ல் 900 கோடி டாலரும் அமெரிக்கன் 2021-ல் 1,000 கோடி டாலரும் திரட்டின. அவர்கள் கையில் இருந்தால் சொத்து, நம் கையில் இருந்தால் சலுகை. படிக்கும்போது சிரிப்பு வரும், அந்த மாதங்களில் எனக்கு வரவில்லை.

போலீஸ் புகார் நகல் வேண்டும் என்றார்கள். போனேன். "மைல் என்றால் என்ன, பணமா?" என்று கேட்டார் அங்கே இருந்தவர், நியாயமான கேள்வி. எவ்வளவு மதிப்பு என்றார். இதற்குத் தயாராகப் போங்கள். அந்தத் திட்டமே தன் இணையதளத்தில் மைலை விலைக்கு விற்கும், அந்த விலைப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, திருடு போன எண்ணிக்கையால் பெருக்கி எழுதிக்கொடுத்தேன். அந்த விலை எப்போதும் மிக அதிகம், அந்த விலைக்கு நான் ஒருநாளும் வாங்கமாட்டேன், ஆனால் நிறுவனமே போட்ட விலை என்பதால் யாரும் மறுக்க முடியவில்லை. அடையாளச் சான்றிலும் ஒரு சிக்கல் வந்தது. கணக்கில் என் பெயர் இனிஷியலோடு சுருக்கமாக இருந்தது, பாஸ்போர்ட்டில் அது விரிந்து இருந்தது. இரண்டும் ஒருவர்தான் என்று ஒப்புக்கொள்ள வைக்கவே தனியாக ஒரு சுற்று மெயில். இன்றைக்கே உங்கள் கணக்கைத் திறந்து பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பிரச்சினை இல்லாத நாளில் அதைத் திருத்துவது எளிது.

எப்படி உள்ளே வந்தார்கள் என்பதைக் கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. வழிகள் நிறைய. 2015 தொடக்கத்தில் அமெரிக்கனில் சுமார் 10,000 கணக்குகள் வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டுகளை வைத்துத் திறக்கப்பட்டன. அதே வருஷம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் உறுப்பினர் கணக்குகளிலும் இப்படி நடந்தது. 2018-ல் கேத்தே பசிபிக் 94 லட்சம் பயணிகளின் விவரம் கசிந்ததை வெளியிட்டது. பல திட்டங்களில் நெடுங்காலம் வெறும் நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் எண்தான் பூட்டாக இருந்தது. அப்புறம் நாமே கொடுப்பது: போர்டிங் பாஸ் போட்டோ. அதிலுள்ள பார்கோடில் பெயர், பிஎன்ஆர், பெரும்பாலும் உறுப்பினர் எண்ணும் இருக்கும், பெயரையும் பிஎன்ஆரையும் வைத்து புக்கிங்கைத் திறந்துவிடலாம். கணக்கில் மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், ஏறாவிட்டால் கேட்டு வாங்க அதுதான் ஆதாரம், ஏறியபின் பார்கோடு குறுக்கே கிழித்துப் போடுங்கள். சமூக வலைத்தளத்தில் ஜன்னல் படம் போடுங்கள், போர்டிங் பாஸ் வேண்டாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி பாஸ்வேர்ட், இரட்டைச் சரிபார்ப்பு எங்கே கொடுக்கிறார்களோ அங்கெல்லாம், முக்கியமாக மெயில் கணக்குக்கு. மெயில் போனால் எல்லாம் போகும்.

இதைவிடப் பெரிய மாற்றம், நான் இப்போது மைலாகச் சேர்த்து வைப்பதே இல்லை. வங்கி பாயிண்டாகவே விட்டுவைக்கிறேன், சீட்டைக் கண்ணால் பார்த்து, தேதி முடிவான பிறகுதான் மாற்றுகிறேன். மாற்றியதைத் திரும்ப வங்கிக்குக் கொண்டுவர வழி கிடையாது, சில திட்டங்களுக்குப் போய்ச்சேர நாள் கணக்கில் ஆகும், அதற்குள் சீட் போகலாம் என்பதும் உண்மை. ஆகவே எந்தத் திட்டத்துக்கு உடனே போகும், எதற்குத் தாமதமாகும் என்று முன்பே சிறு தொகையை மாற்றிப் பார்த்து வைத்திருக்கிறேன். சேமித்து வைத்தால் திருடன்தான் வர வேண்டும் என்றில்லை. டெல்டா 2015-லும் யுனைடெட் 2019-லும் எந்த ரூட்டுக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையே எடுத்துவிட்டன, இப்போது விலை அவர்கள் வைத்ததுதான். ஏர் பெர்லின் 2017-ல் திவாலானபோது அதன் டாப்போனஸ் மைல் திட்டமும் சேர்ந்து விழுந்தது.

என் மைல் இரண்டு தவணையாகத் திரும்ப வந்தது. ரத்தான டிக்கெட்டுடையது முதலில், பறந்ததற்கானது மாதங்கள் கழித்து. ஆனால் திரும்பப் போட்டபோது பழைய காலாவதித் தேதியோடு போட்டார்கள். விசாரணை நடந்த மாதங்களில் அதில் ஒரு பங்கின் தேதி கடந்துவிட்டிருந்ததால், வரவு என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே காலாவதி என்று கழிவு. அதற்குள் அதே ரூட்டில் கேட்கும் மைலும் கூடிவிட்டது. பயணத்தைத் தள்ளிப்போட முடியாததால் மூன்று பேருக்கும் எகானமியில் காசு கொடுத்து வாங்கினேன், ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலே. நடைபாதை ஓர சீட்டுக்குத் தனிக் கட்டணம் வேறு. அப்பா வழியெல்லாம் எழுந்து எழுந்து நடந்துகொண்டே வந்தார்.

காலாவதியான பங்கைக் கேட்டு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குக் கொஞ்சம் எடுபடுகிற மாதிரித் தெரிவது நீளமான கதையில்லாத மெயில்: புகார் எண், கணக்கு பூட்டிய தேதி, திறந்த தேதி, அந்த இடைவெளியில் காலாவதியான எண்ணிக்கை, அந்த மாதத்து ஸ்டேட்மென்ட் பிடிஎஃப், பூட்டியிருந்த நாட்களைக் காலாவதித் தேதியோடு கூட்டித்தர வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. கோபத்தோடு எழுதியவற்றுக்கெல்லாம் தானியங்கிப் பதில்தான் வந்தது. இதற்கு முதல்முறையாக ஒரு மனிதர் பெயர் போட்டு எழுதியிருக்கிறார், மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறாராம்.